ஈ அக்காவின் முந்தைய பிறவி

என் நாத்தனாரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எங்கள் குடும்பத்தில் ஐம்பத்தாறு வருஷமாகத் தகராறு. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அவளை ‘ஈ அக்கா’ என்பார்கள். பல்கலைக்கழக உயிரியல் துறையில் பழ ஈக்களை வளர்க்கும் அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடி எழுதவேண்டும், நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது. அபிப்பிராயம் சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது. இப்போது சம்பளமே கிடையாது என்பதால் அபிப்பிராயமும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன்.

கதை அவள் பிறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. என் மாமியாருக்கு முதலில் இரண்டு குழந்தைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். அடுத்தது ஒரு பெண். இரண்டு போதும் என்று இருந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஐந்து வயதுத் தங்கை குடியிருப்பின் பின்முற்றத்தில் தரைக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போய்விட்டாள். இரும்பு மூடி திறந்து கிடந்தது. தண்ணீர் நிரப்ப வந்த வண்டிக்காரர்கள் திறந்து போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எந்த வண்டி, எந்த ஆள் என்று யாரும் தேடவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒரு மதப் பெரியவர் என் மாமியாரிடம், உடம்பு என்பது சட்டை, உயிர் பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொள்கிறது, ஆசை வைத்த உயிர் அதே வாசலுக்குத்தான் திரும்பி வரும் என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். என் மாமியார் அதை விலாசமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வருஷம் மூன்று மாதம் கழித்து ஒரு பெண் பிறந்தது. அதே பெயரை வைத்தார்கள்.

ஆதாரங்களும் இருந்தன. போன குழந்தைக்கு மோவாயில் ஒரு தழும்பு. வந்த குழந்தைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மச்சம். ஓர் அங்குலம் தள்ளித்தான் இருந்தது. உறவுக்காரர்கள் அந்த அங்குலத்தைப் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றரை வயதில் ஒரு பாயில் சாமான்களைப் பரப்பி எடுக்கச் சொன்னார்கள். பழைய பொம்மை, பழைய கவுன், பழைய கரண்டி, நடுவில் சில புதுசுகள். குழந்தை கரண்டியை எடுத்தது. எல்லோரும் ‘ஆ’ என்று வாயைப் பிளந்தார்கள். “அதுதான் அண்ணி பளபளன்னு இருந்திருக்கும். காக்காய விட்டிருந்தாலும் அதைத்தான் எடுத்திருக்கும்” என்று ஈ அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பெரிய ஆதாரம் அடுத்தது. மூன்று வயதில் ஒரு நாள் பின்முற்றத்தில் நின்றுகொண்டு, தொட்டிப் பக்கம் கையை நீட்டி, “அண்ணா, தண்ணி, தண்ணி” என்றிருக்கிறாள். பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். பாசம் என்றார்கள். பூர்வஜென்மத்து ஞாபகம் கூடப்பிறந்தவனுக்கே தாங்கவில்லை என்றார்கள். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் இந்தக் கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் கேட்டேன். குழந்தைக்குத் தாகம் எடுத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் தங்கையைத் தாங்கியதைப்போல இன்னொருவர் தாங்கி நான் பார்த்ததில்லை. தன் பங்கு மிட்டாயை அவளுக்குக் கொடுப்பார். சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். அவள் செய்த தப்புக்கெல்லாம் தானே அடி வாங்கிக்கொள்வார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வாரம் வெளியூர் போவதாக இருந்தது. அவளுக்குப் பரீட்சை என்று தள்ளிப்போட்டார். பரீட்சை எழுதப்போவது அவள், பேனாவுக்கு மை ஊற்றியது இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேடிக்கை என்னவென்றால் அவளுக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.

“இதெல்லாம் எனக்கு இல்ல அண்ணி. செத்துப்போனவளுக்கு. நான் நடுவுல நின்னு வாங்கி வைக்கிற ஆளு.”

இதுதான் அவளுடைய குறை, வாழ்நாள் முழுக்க. அம்மா கொஞ்சினாலும் அண்ணன் கொஞ்சினாலும் அது தன்னைத் தாண்டி வேறு யாருக்கோ போகிறது. பிறந்தநாளைக்கூட மூத்தவளின் தேதியில்தான் கொண்டாடுவார்கள். தன்னுடைய தேதியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுப் பேசாமல் வருவாள். இருபத்தொரு வயதில் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தாள். மாமியார் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றார். அதை அவள் சமாளித்திருப்பாள். என் வீட்டுக்காரர் வந்து, முகமெல்லாம் வெளுத்து, “இந்தப் பேரை மட்டும் விட்டுடாதேம்மா” என்று கெஞ்சியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள். அடுத்த வருஷம் ஈ அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வரன்களை எல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தாள். இரண்டு தடவை பிறந்தவளைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளையும் இரண்டு தடவை யோசிப்பான் என்று நான் கிண்டல் செய்ததுண்டு. ரசிக்கவில்லை.

அந்த ஈ அறையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. எப்போதும் ஒரே வெதுவெதுப்பு, இருபத்தைந்து டிகிரி. சுவர் நெடுக அலமாரிகள், அலமாரி முழுக்க விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள், வாயில் பஞ்சு. காலையில் சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் உறையவைக்கும் அகர் தூளும் போட்டு அண்டாவில் கூழ் காய்ச்சி, குப்பி குப்பியாக ஊற்றி ஆறவைப்பாள். அந்த ஈஸ்ட் வாசனை அவள் புடவையிலேயே குடியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குப்பியையும் ரப்பர் பாயில் தட்டுவாள். ஈக்கள் அடியில் விழும். அவை சுதாரித்துப் பறப்பதற்குள் பஞ்சை எடுத்து, புதுக் குப்பியின் மேல் கவிழ்த்து, இன்னொரு தட்டு, பஞ்சு. கண் இமைக்கும் நேரம். பிறகு பழைய குப்பியில் இருக்கும் எண்ணையும் அந்த ஈ வம்சம், அதாவது வரிசை, ஆரம்பித்த தேதியையும் தன் கையால் எழுதிப் புதிதில் ஒட்டுவாள். சில வரிசைகள் அவள் சேருவதற்கு முன்பே ஆரம்பித்தவை. ஓர் ஈ இருந்தால் இரண்டு மாதம் இருக்கும். வரிசை நாற்பது வருஷமாக இருக்கிறது.

ஒரு தடவை கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி புகுந்து முப்பத்தொன்றாம் வரிசை பூண்டோடு அழிந்துவிட்டது. வெள்ளைக் கண் ஈக்கள். துறைப் பேராசிரியர் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து அதே வகை ஈக்களை வரவழைத்துக் கொடுத்து, பழைய எண்ணையே ஒட்டிவிடச் சொன்னார். எண் போட்டாள். பழைய தேதியைப் போட மாட்டேன் என்று நின்றாள்.

“அந்த வரிசை செத்துப்போச்சு சார். இது வேற.”

“ஒரே வகைதானேம்மா? கண்ணு, இறக்கை, மரபணு, எல்லாம் அதேதான்.”

“அதேதான் சார். ஆனா அது இல்ல.”

பேராசிரியர் உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அன்றைய தேதியைப் போட்டுத்தான் ஒட்டினாள்.

எங்கள் ஊரில் குளிர்காலம் கடுமை; அப்போது பக்கத்துக் கட்டடத்துத் தத்துவ ஆசிரியர் கதகதப்புக்காக அங்கே வந்து உட்காருவார். அவர், உயிர் என்று ஒன்று பயணம் செய்வதில்லை, ஒரு சுடரிலிருந்து இன்னொரு சுடர் பற்றிக்கொள்வதைப்போலத்தான், இரண்டும் ஒன்றல்ல, வேறும் அல்ல என்று விளக்குவார். அவள் கூழைக் கிளறிக்கொண்டே கேட்பாள். “அந்தப் பெரியவராவது பரவால்ல. சட்டைன்னு ஒண்ணு சொன்னாரு. பழைய சட்டைப் பையில இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு அவரையாவது கேக்கலாம். நீங்க ஒண்ணும் இல்ல, வேறயும் இல்லங்கறீங்க. அப்ப என் பிறந்தநாளை எந்தத் தேதியில வைக்கிறது?” ஆசிரியர் சிரித்துவிட்டுக் கையைக் குப்பி அலமாரிப் பக்கம் நீட்டிச் சூடு காய்வார்.

பேராசிரியரிடமும் ஒருநாள் கேட்டிருக்கிறாள். குப்பியின் சுவரில் புழு கூட்டுக்குள் அடங்கிவிடும். உள்ளே அதன் உடம்பில் பெரும்பகுதி கரைந்துபோகும். முன்பே ஒதுக்கி வைத்திருந்த சின்னச் சின்னத் திசுக்களிலிருந்து ஈ உருவாகும். கால், இறக்கை, கண் எல்லாமே புதுசு. புழுவாக இருந்தபோது பட்டதெல்லாம் ஈக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டாள். சில நரம்புகள் கரையாமல் தங்குகின்றன, அதனால் கொஞ்சம் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அதை என்னிடம் சொல்லிவிட்டு, “அதுக்காவது ஒரு கூடு இருக்கு அண்ணி, அது ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. எனக்கும் அவளுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு வருஷமும் மூணு மாசமும் இருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கிண்டல் வரவில்லை.

மாமியார் கடைசிவரை மனம் மாறாமலே போய்ச்சேர்ந்தார். அதற்கப்புறம் அவளை அந்தப் பெயரில் கூப்பிட என் வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம்.

சென்ற வருஷம் அவருடைய இதயத்தில் ஒரு வால்வை மாற்றவேண்டும் என்றார்கள். வயது அறுபத்தாறு. மறுநாள் காலை அறுவை. மதியமே சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போடவில்லை. நர்ஸ் இரண்டு தடவை வந்து கேட்டாள். “தங்கச்சி வரட்டும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு வேலையிலிருந்து நேராக வந்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். “நீயும் இரு” என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தொட்டி மூடியைத் தொறந்து போட்டது நான்தான்.”

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தத் தொட்டி என்று நான்தான் கேட்டேன். சொன்னார். பந்து உள்ளே விழுந்துவிட்டதோ என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பியால் நெம்பி மூடியை நகர்த்தியிருக்கிறார். பந்து அங்கே இல்லை. அதற்குள் தெருவில் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது முற்றத்தில் கூட்டம். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிற்பகல் வரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

“நீ பொறந்தப்ப எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். அவதான் வந்திருக்கான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப உனக்குத் தெரியும். இன்னும் பேச்சு வரல, அவ்வளவுதான். வந்ததும் சொல்லிடுவேன்னு...”

ஈ அக்கா மெதுவாகக் கேட்டாள். “தண்ணி, தண்ணின்னு சொன்னேனே, அப்ப...”

“சொல்லிட்டேன்னே நினைச்சேன்.”

“அதனாலதான் உன் மிட்டாயெல்லாம் எனக்குக் கொடுத்தியா?”

“ஆமா.”

“சைக்கிள்ல கூட்டிட்டுப் போனது?”

“ஆமா.”

லஞ்ச வழக்குகள் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு லஞ்சம் கொடுத்த வழக்கு அதுதான் முதல். சிரிப்பு வரவேண்டிய விஷயம். யாருக்கும் வரவில்லை. அவள் முகம் இறுகிப்போய்விட்டது. செத்துப்போனவளுக்குப் போகிற பாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதுகூட இல்லை, வெறும் பயம் என்று இப்போது தெரிகிறது.

“அப்ப நான் உனக்குச் சாட்சி. தங்கச்சியே இல்ல” என்றாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

“உனக்கு ஆறு வயசுல டைஃபாய்டு வந்துச்சு” என்றார் அவர். “பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் அப்பாகிட்ட சொன்னதைக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். எனக்குப் பதினாறு வயசு. நீ போயிட்டா எனக்கு இனிமே பயம் இல்ல. அது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. உன் கட்டில் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். நெத்தியில ஈரத்துணி போட்டேன். நீ எங்கிட்ட பொம்மைக் கடை கதை கேட்ட. சொல்லச் சொல்ல, நீ எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொன்னாலும் பரவால்ல, நீ இருந்தா போதும்னு தோணிச்சு. அழுதுட்டேன். அவளுக்குப் பொம்மைக் கடை கதை பிடிக்காது. பயப்படுவா. நீ திரும்பத் திரும்பக் கேட்ட. நீ வேறன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் பேரை மாத்த விடல?”

“உங்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். பேரையும் மாத்திக்கிட்டா யார்கிட்ட கேக்கறது?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “நீ அவ இல்லன்னு தெரியும்மா. ஐம்பது வருஷமாத் தெரியும். ஆனா நாளைக்கு உள்ள போனா திரும்பி வருவேனான்னு தெரியாது. உன்னை விட்டா வேற யாரைக் கேப்பேன்?”

அவள் கையில் என்ன இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. ‘நான் அவ இல்ல’ என்று அவள் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தாள். கடைசியில் ஒரு மனிதர் அதை ஒத்துக்கொண்டுவிட்டார். அவள் அதையே இன்னொரு தடவை சொன்னால் போதும், ஜெயித்துவிடுவாள். அப்புறம் அவரை மன்னிக்க உலகத்தில் ஆளே இருக்காது. மன்னித்தேன் என்று சொன்னாலோ, ஐம்பத்தாறு வருஷம் தான் நின்ற இடத்தைத் தானே விட்டுக்கொடுத்ததாகும். ஓர் ஈக் குப்பியில் பொய்த் தேதி எழுத மறுத்தவள் அவள்.

கைப்பையைக் கீழே வைத்தாள். நாற்காலியைக் கட்டில் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி. ஒரு நிமிஷம் அவளா இருக்கேன். கேளு.”

அறுபத்தாறு வயது மனிதர், ஒன்பது வயதுப் பையனின் குரலில், “மூட மறந்துட்டேன்மா” என்றார்.

“தெரியும்ணா” என்றாள். “நீ வேணும்னு செய்யல. நீயும் சின்னப் பையன்தான். பரவால்ல.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் என்றது மூன்று நிமிஷம்போல ஆயிற்று. பிறகு அவள் கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படித்தாள்.

“முடிஞ்சுது. இனிமே அவளை என்கிட்ட தேடாதே. இங்க கையெழுத்துப் போடு.”

போட்டார். மறுநாள் அறுவை நல்லபடியாக முடிந்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அவளைத் ‘தங்கச்சி’ என்று மட்டும் கூப்பிடுகிறார். இருவரும் வாரத்துக்கு ஒரு தடவை சண்டை போடுகிறார்கள், சாதாரண அண்ணன் தங்கையைப்போல.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு அறையைவிட்டு வெளியே வந்த பிறகு நடந்தது. நடைபாதையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பார்வையாளர் நேரம் முடியப் போகிறது. ஆட்கள் சாப்பாட்டுப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகை இல்லை. உடம்பு குலுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகாது, இப்போதெல்லாம் இது சாதாரண அறுவைதான் என்று தேற்றினேன்.

“அண்ணாவுக்காக இல்ல அண்ணி.”

“பின்ன?”

“அவளுக்கு அஞ்சு வயசு அண்ணி. உள்ள இருட்டா இருந்திருக்கும்.”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இத்தனை வருஷமா அவமேல எனக்கு எரிச்சல்தான். என் இடத்துல உட்கார்ந்துக்கிட்டான்னு. அவளுக்காக ஒருத்தரும் அழலையே அண்ணி. திரும்பி வரப்போறான்னு அம்மா மூணாம் நாளே அழுகையை நிறுத்திட்டாங்களாம். அப்புறம் நான் வந்து நின்னுட்டேன். நான் வந்துட்டேன்னு யாருமே அவளுக்காக அழல.”

அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தே இராத அந்தக் குழந்தைக்காக எனக்கும் அழுகை வந்தது. ஐம்பத்தேழு வருஷம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில், நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குத் துக்கம் கொண்டாடினோம்.